ஓடை தரும் இரண்டு வோல்ட்

பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டாரின் அச்சில் ஒரு தகரச் சக்கரத்தைப் பொருத்தி, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஓடையில் வைத்தால், அது சிறு மின்னாக்கி. ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும் வகை மோட்டார், சுற்றிவிட்டால் 50 அலைகளைத் தரும். வினாடிக்கு ஒரு சுற்று என்றால் 50 ஹெர்ட்ஸ். தற்செயலாக, நம் வீட்டு மின்சாரத்தின் அதே அதிர்வெண். ஐப்பசி மழையில் கவலையில்லை. பங்குனியில் ஓடை மெலிந்து வேகம் பாதியாகும்போது அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் சேர்ந்தே விழும். உச்ச அளவு 2 வோல்ட்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசைக்குத் திருப்பினால்தான் பேட்டரியில் சேரும்.

பாடப்புத்தகம் காட்டுவது, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கைக் கொண்ட பால அலைதிருத்தி. சிலிக்கான் டையோடு கடத்தும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்டை விழுங்குகிறது. பாலத்தில் எப்போதும் இரண்டு டையோடுகள் தொடராக நிற்கும், ஆக 1.4 வோல்ட் போய், மிச்சம் 0.6. வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் 325. அங்கே இந்த இழப்பு யார் கண்ணிலும் படாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை வாங்கும் சுங்கச்சாவடி இது.

மலைக்குளிர் சுங்கத்தை இன்னும் கூட்டுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் ஒவ்வொரு டையோடிலும் இழப்பு சுமார் 2 மில்லிவோல்ட் ஏறும். மேட்டுப்பாளையத்தின் 35 டிகிரி வெயிலில் சோதித்த பாலம், ஊட்டியின் உறைபனிக் காலையில் கூடுதலாக 140 மில்லிவோல்ட் கேட்கும். 325 வோல்ட்டில் தூசு. 2 வோல்ட்டில் நூற்றுக்கு ஏழு!

உலோகமும் குறைகடத்தியும் சேரும் ஷாட்கி டையோடு 0.3 வோல்ட்டோடு விட்டுவிடும். எதிர்த்திசையில் சற்றே கசியும். வெப்பத்தில்தான் அந்தக் கசிவு பெருகும் என்பதால் குளிர் இங்கே நமக்குச் சாதகம். மின்னழுத்தத்தால் திறந்து மூடும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டை டையோடாக இயக்கினால் இழப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் அதை முழுதாகத் திறக்கவே பெரும்பாலும் 2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அது இருந்தால் இந்தப் பாடு எதற்கு?

என் ஓட்டு மின்னழுத்த இரட்டிப்பானுக்கு. இரண்டு ஷாட்கி, இரண்டு மின்தேக்கி. ஓர் அரை அலை ஒன்றை 1.7 வோல்ட்டுக்கு நிரப்பும், அடுத்தது மற்றதை; தொடராக 3.4. இரண்டு நிக்கல் பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய அது போதும். பதிலுக்கு மின்னோட்டம் பாதிதான் கிடைக்கும். 25 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு மின்தேக்கியும் அடுத்த நிரப்பலுக்கு 40 மில்லிவினாடி தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பதால், மேசை டிராயரில் கிடக்கும் 100 மைக்ரோஃபாரடை நம்பாமல் 4700 போடுவது நல்லது.