இரும்பில் ஓட்டை: பிட் வெட்டுகிறதா, தேய்க்கிறதா?

எம்.எஸ். ஃபிளாட்டில், அதாவது மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண இரும்புப் பட்டையில், 10 மி.மீ. ஓட்டை போட வேண்டும். கை டிரில்லை முழு வேகத்தில் ஓடவிட்டு பிட்டை மெல்ல வைத்தால் கீச்சென்று கத்தும், புகை வரும், கறுத்த தூள் உதிரும். ஓட்டை மட்டும் இறங்காது. அந்த நேரத்தில் பலரும் நினைப்பது, வேகம் போதவில்லை என்று. உண்மையில் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. பிட் இரும்பை வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் எந்த பிட், எந்த வேகம், எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும்.

பிட்டின் முனையை வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். சாய்வான இரண்டு வெட்டு விளிம்புகள் இருக்கும். அவை நடுவில் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டையும் இணைத்து ஒரு சின்னக் கோடு குறுக்கே ஓடுகிறது. சீசல் எட்ஜ் என்பது அதைத்தான். பிட் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அதன் நட்டநடுப் புள்ளி நகர்வதே இல்லை. நகராத இடத்தில் வெட்டு ஏது? களிமண்ணில் கட்டைவிரலை அழுத்துவதுபோல அந்தக் கோடு இரும்பைப் பிதுக்கி இருபுறமும் தள்ளுகிறது, அவ்வளவுதான். நாம் உடம்பைச் சாய்த்துக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ இந்தப் பிதுக்கலுக்கே போய்விடுகிறது.

முதலில் சின்ன ஓட்டை போட்டுப் பிறகு பெரிதாக்குவது இதனால்தான். பெரிய பிட்டின் சீசல் எட்ஜ் வெற்றிடத்தில் சுற்றினால் போதும், அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். 12 மி.மீ. ஓட்டைக்கு 3 மி.மீ. அளவில் ஒரு முன்னோட்ட ஓட்டை போதுமானது. 4, 6, 8, 10 என்று படிப்படியாக ஏறுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பிட்டிலும் வெளிமூலை மட்டுமே வெட்டும். மூலைதான் சீக்கிரம் சூடாகி மழுங்கும் இடம். முனைக் கோணம் 135 டிகிரி உள்ள ஸ்பிளிட் பாயின்ட் பிட் வாங்கினால் சின்ன அளவுகளுக்கு முன்னோட்ட ஓட்டையும் வேண்டாம். அதில் சீசல் எட்ஜையே இருபுறமும் சாணை பிடித்துச் சுருக்கி, அங்கும் வெட்டு விளிம்பு வரும்படி செய்திருப்பார்கள். வழக்கமான 118 டிகிரி பிட் வழுக்கி ஓடாமல் இருக்க சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு குழி அடித்துக்கொள்வது அவசியம்.

இனி வேகம். நடுவில் பூஜ்யமாக இருக்கும் வேகம் ஓரத்தில் உச்சத்தில் இருக்கும், வெப்பமும் அங்கேதான். எம்.எஸ். இரும்பில் சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டின் ஓரம் நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் ஓடினால் நல்லது. 10 மி.மீ. பிட்டுக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று. வீட்டு டிரில்கள் பல 2,800 சுற்று வரை ஓடும். அதில் 10 மி.மீ. பிட்டை மாட்டி விசையை முழுதாக அழுத்தினால் ஓரம் நிமிடத்துக்கு 88 மீட்டரில் பறக்கும். அதே 2,800 சுற்று 3 மி.மீ. பிட்டுக்கு ஏறக்குறைய சரி. பிட் பருக்கப் பருக்க வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

எச்.எஸ்.எஸ். என்ற அதிவேக எஃகு இந்த வெப்பத்தைத் தாங்குவதற்காகவே பிறந்தது. அதற்கு முன் கருவிகள் கார்பன் எஃகில் செய்யப்பட்டன. 250 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே அதன் கடினம் இறங்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீலில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகை உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்கிப் பதப்படுத்தினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கருவி, முனை சிவக்கச் சூடான பிறகும் இரும்பை வெட்டிக்கொண்டே இருந்தது. இன்றைய எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதில் கோபால்ட் சேர்த்தால் (எம்35 ரகத்தில் 5 சதவீதம், எம்42 ரகத்தில் 8 சதவீதம்) இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தங்க நிறத்தில் மின்னும் பிட்டை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். அந்த நிறம் சில மைக்ரான் தடிமனுள்ள டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. உள்ளே இருப்பது என்ன எஃகு என்பதே முக்கியம்.

கோபால்ட் பிட் தன் விலைக்கு நியாயம் செய்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். 304 ரகத்தைத் தேய்த்தாலோ பிதுக்கினாலோ அதன் படிக அமைப்பு மாறி மேல்தோல் இறுகிவிடும். வெப்பத்தையும் அது எளிதில் கடத்தாது, எல்லாம் பிட்டின் முனையிலேயே தங்கும். ஆகவே தயங்கித் தயங்கித் தொட்டால் ஒவ்வொரு தொடுதலும் அடுத்த சுற்றுக்கு ஒரு கடினமான தோலை விட்டுச்செல்லும். 10 மி.மீ. பிட்டுக்கு 300 சுற்று போதும். அழுத்தத்தை விடாமல் கொடுத்து, இறுகிய தோலுக்கு அடியிலிருந்தே இரும்பைச் சுருளாக வெட்டி எடுக்க வேண்டும். கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். அது சூட்டைத் தணிப்பதோடு, சுருள் பிட்டில் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கும்.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்பதைச் சுருளே சொல்லிவிடும். பிட்டின் இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே தடிமனில் வெள்ளிநிறச் சுருள் வந்தால் பிட் நன்றாக வெட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் சாணை ஏறுமாறாகப் பிடித்திருக்கிறார்கள், ஓட்டை அளவை மீறிப் பெரிதாகும். சுருள் நீலம் பாய்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். தூளாக மட்டும் வந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது பிட் மழுங்கிவிட்டது.

ஆபத்து கடைசி மில்லிமீட்டரில் இருக்கிறது. சீசல் எட்ஜ் மறுபக்கம் எட்டிப் பார்த்த நொடியில் அதுவரை இருந்த எதிர்ப்பு மறைந்துவிடும். கையின் அழுத்தம் அப்படியே இருப்பதால் பிட் திருகாணிபோல் சரேலென உள்ளே இழுத்துக்கொள்ளும். வைஸில் இறுக்காத தகடு பிட்டோடு சேர்ந்து சுற்றிக் கையை வெட்டும். கையுறை போட்டிருந்தால் அதையும் சுருட்டி இழுக்கும், அதனால் சுழலும் பிட்டருகே கையுறை கூடாது. மெல்லிய தகட்டில் இன்னொரு சிக்கல்: முழு விளிம்பும் தகட்டில் பதிவதற்கு முன்பே முனை வெளியேறிவிடும், பிட்டைப் பிடித்து நிறுத்த ஆதாரம் இல்லாமல் ஓட்டை முக்கோணமாகும். அங்கே படிப்படியாகப் பருக்கும் கூம்பு வடிவ ஸ்டெப் டிரில்தான் சரி.

20 மி.மீ.க்கு மேல், தடித்த பீமில் என்றால் கை டிரில்லை வைத்துவிடலாம். காந்த அடியோடு பீமில் ஒட்டி நிற்கும் மேக்னெட் டிரில்லில், குழாய் வடிவ ஆனுலர் கட்டரை மாட்டுவார்கள். அது வளையத்தை மட்டுமே வெட்டும். 25 மி.மீ. கட்டரின் சுவர் 4 மி.மீ. தடிமன் என்று கொண்டால், சாதாரண பிட் சுருளாக்கும் இரும்பில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே இது எடுக்கிறது. நகராத நடுப்புள்ளி என்ற தொல்லையே இதில் கிடையாது. நடுப்பகுதி உருளையாக மிஞ்சி, கட்டர் மறுபக்கம் வந்ததும் சூடாகக் கீழே விழும். உயரத்தில் வேலை நடந்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.