லாரி ஃபேன் எப்போது சுற்ற வேண்டும்?

மலையேறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போகிறது என்றால், பட்டறையில் சட்டென்று வரும் யோசனை ஒன்று உண்டு: 'ஃபேன் கிளட்ச்சை (ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் பாகம்) எடுத்துட்டு ஃபேனை டைரக்டா மாட்டிடலாம்.' எஞ்சின் குளிரும்தான். ஆனால் அதற்குரிய தண்டத்தை டீசல் டேங்க்தான் கட்டும்.

ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதைச் சுற்றத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகும். முழு வேகத்தில் 30 குதிரைத்திறன் தின்னும் ஃபேனுக்கு (பெரிய லாரிகளில் இது சாதாரணம்) பாதி வேகத்தில் 4 கூட வேண்டாம். நாற்கரச் சாலையில் வண்டி ஓடும்போது ரேடியேட்டரைப் பெரும்பாலும் எதிர்க்காற்றே பார்த்துக்கொள்ளும். ஃபேன் நிஜமாகத் தேவைப்படுவது திம்பம் மாதிரி மலைப்பாதையில், லோடோடு சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போதுதான். எஞ்சின் வெப்பத்தைக் கக்கும், எதிர்க்காற்று இருக்காது.

இந்தத் தேவையை அறிந்து ஃபேனை ஓட்டுவதுதான் விஸ்கஸ் கிளட்ச். அதன் முகப்பில் சுருள் மாதிரியோ பட்டை மாதிரியோ தெரிவது பைமெட்டல் (இரண்டு வகை உலோகம் ஒட்டிய தகடு). ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அது வளைந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். ஒதுங்கியிருந்த கெட்டியான சிலிக்கோன் ஆயில், எஞ்சினோடு சுற்றும் தட்டுக்கும் ஃபேனைத் தாங்கும் உறைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வரிப்பள்ளங்களில் பாயும். தட்டு ஆயிலை இழுக்க, ஆயில் உறையை இழுக்க, ஃபேன் வேகம் பிடிக்கும். காற்று குளிர்ந்ததும் வால்வு மூடி, ஆயில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பைமெட்டல் உணர்வது காற்றின் சூட்டைத்தான், தண்ணீரின் சூட்டை அல்ல. ரேடியேட்டர் துடுப்புகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் சூடான காற்று போதிய அளவு கிளட்ச்சை எட்டாது. கூலன்ட் கொதித்தாலும் ஃபேன் மெதுவாகவே சுற்றும். நல்ல கிளட்ச்சைக் கழற்றி எறிவது பல நேரம் இப்படித்தான். முதலில் ரேடியேட்டரைக் கழுவிப் பாருங்கள்.

கிளட்ச்சைச் சோதிக்க எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றவும். லேசான இழுவை இருந்தால் சரி. தட்டிவிட்டதும் பல சுற்று தாராளமாக ஓடினால் ஆயில் கசிந்துபோயிருக்கும். அசையவே மறுத்தால் உள்ளே பிடித்துவிட்டது. பிளேடு நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் அதிகம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

ஃபேன் வாங்கும்போது விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. பிளேடு எண்ணிக்கை, சாய்வு, சுழலும் திசை எல்லாம் ஒத்துவர வேண்டும், ஆகவே பழையதன் பார்ட் நம்பரைப் பார்த்தே வாங்கவும். ஃபேனை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் காற்று எதிர்த்திசையில் வீசும் என்று நினைப்பவர்கள் உண்டு. வீசாது. அதே திசையில்தான் வரும், ஆனால் குறைவாக வரும். அதனால் தவறு கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சின் மட்டும் சூடாகும்.

உடைந்த பிளேடை ஒட்டி ஓட்டுவது வேறு விஷயம், அது ஆபத்து. 660 மி.மீ. ஃபேன் 2200 ஆர்பிஎம்மில் சுற்றும்போது பிளேடு நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 270 கி.மீ. நுனியில் 10 கிராம் கூடக்குறைய இருந்தாலே சுமார் 18 கிலோ விசை ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்கைப் பிடித்து உலுக்கும். ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே இருந்தால் அடுத்து போவது பம்ப்தான்.

ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட்டையும் (காற்றை வழிநடத்தும் கூடு) விட்டுவிடக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் குலுங்கும், ரேடியேட்டரோடு சேர்ந்த ஷ்ரவுட் குலுங்காது. அதனால் இடைவெளி கொஞ்சம் வேண்டும். அதிகமானால் வெளியேறிய சூடான காற்றே அந்த இடைவெளி வழியாகச் சுற்றி வந்து மறுபடி ஃபேனுக்குள் நுழையும். மவுன்ட் தளர்ந்த வண்டியில் புது ஃபேன் ஷ்ரவுட்டில் உரசி உடைவதும் எஞ்சின் அதிகம் குலுங்குவதால்தான்.

அப்புறம், புது கிளட்ச்சைக் கடையிலும் வண்டியிலும் படுக்கப் போடாதீர்கள். எஞ்சினில் எப்படி நிற்குமோ அப்படி நிறுத்தியே வையுங்கள், இல்லாவிட்டால் ஆயில் ஒழுகிவிடலாம். மாட்டிய மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் ஓரிரு நிமிடம் இரைந்தால் பயப்பட வேண்டாம். இரவில் ஆயில் பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும். கொஞ்சம் ஓடியதும் வெளியேறிச் சத்தம் அடங்கிவிடும்.