இரவு பத்து மணிக்கு வரும் வெயில்

வவுனியாவிலிருந்து கொழும்புக்கு மாற்றலாகி வரப்போகும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் வேலை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் ஓர் அறை பார்த்தாராம். அதற்கு மேலே மொட்டை மாடிதான். ஜன்னலைத் திறந்தால் கடல். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது காற்று ஆளைத் தூக்கியது. ஆனால் படியிறங்கும்போது இரண்டாம் மாடியில் இருந்த அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னாராம்: "தங்கச்சி, பகலில நல்லாத்தான் இருக்கும். இரவில படுக்கேலாது." சூரியன் மறைந்த பிறகு ஓர் அறை எப்படிச் சூடாகும் என்று கேட்கிறார்.

அக்கா சொன்னது முழுக்க உண்மை. நானும் கொழும்புக்கு வந்த புதிதில் கொட்டாஞ்சேனையில் அப்படி ஓர் அறையில் இரண்டு வருடம் இருந்தேன். வாடகை குறைவு என்று எடுத்தது. ஏன் குறைவு என்பது முதல் இரவே தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினால், அங்கே தரை வெதுவெதுப்பாக இருந்தது, காற்று குளிர்ச்சியாக இருந்தது. வெளியே குளிர், உள்ளே சூடு. அன்றிலிருந்து இந்த விஷயத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை.

முதலில் எல்லோரும் பார்க்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேலைத்தலத்துக்கு அருகே போகப் போக வாடகை ஏறும், பஸ் செலவும் நேரமும் குறையும். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 100, 101 பஸ் இரண்டும் காலி வீதியால் நேரே போகும், கடலோர ரயிலும் இருக்கிறது. அந்த விதத்தில் நல்ல தெரிவுதான். களனி ஆற்றுத் தாழ்நிலப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், 2016 மே மாதம் அந்த ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அயல் வீட்டில் கேளுங்கள். கொலன்னாவையில் பலருக்கு அந்த உயரம் இன்றும் சுவரில் கோடாக நினைவிருக்கும். இவையெல்லாம் எந்தப் புரோக்கரிடம் கேட்டாலும் ஓரளவு தெரிந்துவிடும். சுவரும் கூரையும் இரவில் என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கொழும்பு 6.9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு, சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு உச்சம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் அறிவிப்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை அதே நிலை. மற்ற நாட்களிலும் நண்பகல் வெயில் ரொம்பச் சரிந்து விழாது. அதனால் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் பிழைத்துக்கொள்ளும். அடி வாங்குவது கூரை. அதற்கு அடுத்தபடி காலையில் கிழக்குச் சுவர், பின்னேரத்தில் மேற்குச் சுவர்.

நல்ல வெயில் நாளில் நண்பகலில் ஒரு சதுர மீற்றர் கூரையில் 1000 வாட் அளவுக்குச் சூரிய சக்தி விழும். மழையும் பாசியும் பட்டுக் கறுத்துப்போன கொங்கிறீட் சிலாப் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். வெறுங்காலோடு உடுப்புக் காயப்போடப் போனவர்களுக்கு இது தெரியும்.

சரி, மேலே 50 பாகை. உடனே கீழேயும் சுட வேண்டுமே, ஏன் சுடுவதில்லை?

என்னை மயக்கிய இடம் இதுதான். சிலாப்பை மேலிருந்து கீழாக மெல்லிய தட்டுகளாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தன் பக்கத்துத் தட்டை மட்டும்தான் தெரியும். வெயில் எங்கே இருக்கிறது, அறை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மேல் தட்டிலிருந்து வெப்பம் வந்தால், முதலில் தான் சூடாகும். தான் சூடான பிறகுதான் கீழே உள்ளதற்குக் கொடுக்கும். கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றும்போது, ஒவ்வொருவரும் தன் காலடியில் இருக்கும் குடத்தை நிரப்பிவிட்டு மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கடைசி ஆளுக்குத் தண்ணீர் பிந்தி வரும், குறைந்தும் வரும். சிலாப்பிலும் அப்படியே. வெப்பம் தாமதமாகிறது, கூடவே தணிகிறது.

இந்தக் கைமாற்றத்துக்குச் சமன்பாடு எழுதி 1822 இல் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே. வெயில் ஏறி இறங்கும் 24 மணித்தியாலச் சுற்றை அந்தச் சமன்பாட்டில் போட்டால், சுவருக்குள் ஓர் அலை மெல்ல ஊர்ந்து போவது தெரியும். கொங்கிறீட்டில் அந்த அலை சுமார் 14 சென்ரிமீற்றர் போவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தணிந்துவிடும். அதற்கு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். நமது வீடுகளின் சிலாப் ஐந்து, ஆறு அங்குலம். ஆகவே மேலே ஒரு மணிக்கு உச்சம் என்றால், உட்பக்க முகட்டுக்கு நாலரை, ஐந்து மணிக்குத்தான் உச்சம். வாசகி காலை பத்து மணிக்குப் போனபோது முகட்டில் இருந்தது விடியற்காலைக் குளிர். புரோக்கர்மார் ஏன் காலையில் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மணிக்கு உச்சமானால் ஒன்பது மணிக்கு ஆற வேண்டாமா? அதற்குச் சிலாப்பின் பாரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஐந்து அங்குலச் சிலாப். உங்கள் தலைக்கு மேலே மூன்று தொன்னுக்கு அதிகமான கொங்கிறீட் கிடக்கிறது. அது 10 பாகை சூடேறினால் அதற்குள் சேரும் வெப்பம் கிட்டத்தட்ட எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எட்டு யூனிட் வெப்பத்தைப் பகல் முழுக்கச் சேமித்த ஒரு பெட்டியின் கீழ் நீங்கள் படுக்கிறீர்கள். அது ஆறுவதற்கு வழி இரண்டுதான்: மேலே வானத்துக்கு, கீழே உங்களுக்கு. வவுனியா போன்ற உலர் வலயத்தில் வானம் தெளிந்த இரவுகளில் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக அனுப்பிவிடும். கொழும்பு வானத்தில் எப்போதும் நீராவி. அது அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே போக வழி அடைபட்டால் மிச்சம் கீழேதான். ஊரில் உள்ள ஓட்டு வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓடு மெல்லியது, பகலில் சட்டென்று சுடும், பொழுதுபட்டதும் சட்டென்று ஆறிவிடும்.

மின்விசிறி ஏன் உதவுவதில்லை என்றும் சொல்கிறேன். விசிறி காற்றை அசைத்து வியர்வையை ஆற்றும், அவ்வளவுதான். முகட்டிலிருந்து வருவதில் பெரும்பகுதி கதிர்வீச்சு. அது காற்றைப் பொருட்படுத்தாமல் நேராக வந்து தோலில் படும். முகடு 28 பாகைக்குப் பதிலாக 38 பாகையில் இருந்தால், அந்தச் சின்ன அறைக்குள் கூடுதலாக இறங்குவது சுமார் 650 வாட். பழைய 60 வாட் குண்டு பல்ப் பதினொன்றை முகட்டில் எரியவிட்டு, வெளிச்சத்தை மட்டும் எடுத்துவிட்டது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, நெற்றிக்குத் தெரியும். ஏசி போட்டால் அந்த வெப்பத்தையும் சேர்த்துத்தான் அது வெளியேற்ற வேண்டும். யூனிட் ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும் நாட்டில், வாடகையில் மிச்சம் பிடித்ததை மின்சார பில்லில் கட்டுவீர்கள்.

இனி மேற்குச் சுவர். வெள்ளவத்தையில் கடல் மேற்கே இருக்கிறது. கடலைப் பார்த்த அறை என்றால், பின்னேர வெயிலைப் பார்த்த அறை என்றுதான் அர்த்தம். மூன்றரை, நான்கு மணிக்குச் சரிந்து வரும் வெயில் அந்தச் சுவரில் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. பழைய வீடுகளின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க அதற்கு ஆறு மணித்தியாலமாவது வேண்டும். கூட்டிப் பாருங்கள்: மூன்றரையும் ஆறும் ஒன்பதரை. நீங்கள் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுக்கையை உதறிப் போடும் நேரத்துக்குச் சரியாகப் பின்னேர வெயில் உங்கள் தலைமாட்டுக்கு வந்து சேர்கிறது! தடித்த சுவர் என்பதால் ஓரளவு தணிந்துதான் வரும். புதிய தொடர்மாடிகளின் மெல்லிய சீமெந்துக் கல் சுவரில் இந்தத் தணிப்பும் இல்லை. அந்தி சாயும்போதே உள்ளே வந்துவிடும், பலமாகவும் வரும். கடற்காற்று இதை ஈடுசெய்யும் என்பார்கள். ஜன்னல் திறந்திருந்தால் ஈடுசெய்யும். காற்று நன்றாக வீசும் பின்னேரத்தில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள், ஜன்னல் பூட்டியிருக்கும். உச்சச் சூரியன் வரும் ஏப்ரலிலோ காற்றே மந்தம். தென்மேல் பருவக்காற்று தொடங்க மே ஆகிவிடும்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. காலி வீதி கரையோரமாக ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது. அதிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள், இராமகிருஷ்ண வீதி போன்றவை எல்லாம், கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அப்படியானால் ஒழுங்கையைப் பார்த்து நிற்கும் வீடுகளின் முகம் வடக்கே அல்லது தெற்கே. வெயில் அதிகம் படாத பக்கம்! ஒழுங்கை முகப்பில், நடு மாடியில் ஓர் அறை கிடைத்தால், மேலே இருக்கும் வீடு உங்களுக்குக் குடை. கடல் தெரியாது, ஆனால் நித்திரை வரும். எனக்குத் தெரிவு கொடுத்தால் ஒரு நொடியும் யோசிக்க மாட்டேன்.

வாஸ்துப்படி கட்டிய வீடு என்று விளம்பரம் வருகிறது, வாசல் பார்த்த திசைக்காக வாடகை கூட்டிக் கேட்கிறார்கள். திசை முக்கியம்தான், நானே அரைக் கட்டுரை திசையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்று அளந்து பார்த்துவிட்டு, மூன்று தொன் சிலாப்பை அண்ணாந்து பார்க்காமல் முற்பணம் கட்டுவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. வடக்கே தலைவைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் இரத்தத்தில் உள்ள இரும்பை இழுக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இரத்தத்தில் இருப்பது ஆணி இரும்பு அல்ல, காந்த ஊசி போல அது திரும்பாது. இன்னொரு வருத்தமும் உண்டு. கூரைச் சிலாப்பின் மேல் வெப்பத் தடுப்புப் படை போடுவது பற்றி மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் இந்த நாட்டு வெயிலிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். அது கொத்தனாரின் கைக்கு வந்து சேரப் பணமும் ஆளும் வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்குப் பத்துச் சதம் அளவில்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறோம். இது போதாது, கொஞ்சமும் போதாது.

அந்த அறைதான் பிடித்திருக்கிறது என்றால், வீட்டுக்காரரிடம் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். புது வெள்ளை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பாசி பிடிக்கப் பிடிக்க மறுபடி அடிக்க வேண்டும். அந்தியில் சிலாப்பில் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு வாளி, அதாவது 12 லீற்றர் அளவு, முழுக்க ஆவியாகினால் அந்த அறைச் சிலாப்பை 10 பாகை வரை குளிரவைக்கப் போதும். ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. ஓடி வடிந்துபோன தண்ணீரால் பெரிய பயனில்லை, கொழும்பு ஈரக்காற்றில் ஆவியாவதும் மெதுவாகத்தான் நடக்கும். நான் மாலை ஆறு மணிக்குச் சாக்கை நனைத்து விரித்துவிடுவேன். பத்து மணிக்கு மேல் ஏதோ படுக்கலாம்.

அப்புறம், முற்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை அங்கே போங்கள். இந்த முறை இரவு ஒன்பது மணிக்கு. ஜன்னல் பக்கம் போகாமல் நேரே மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணுங்கள். பிறகு உள்பக்கத் தடுப்புச் சுவர் ஒன்றில் அதே கையை வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால், இரண்டு மாடி இறங்கி அந்த அக்காவின் கதவைத் தட்டி, அவர் மாடியில் ஏதாவது அறை காலியாகிறதா என்று கேளுங்கள்.