கைமாற்றாக வரும் தாய்ப்பால்

28 வாரத்திலேயே பிறந்துவிட்ட, ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் நாளில் எவ்வளவு பால் வேண்டும்? 10 முதல் 20 மில்லி. அதுவும் நாள் முழுவதற்கும் சேர்த்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று, ஒன்றரை மில்லி, வயிறு வரை போகும் மெல்லிய குழாய் வழியாக இறங்கும். பாலாடையின் அடியை நனைக்கிற அளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சமும் கிடைக்காமல் தாயும் செவிலியர்களும் தவிக்கிற நாட்கள் உண்டு. அப்போது கைகொடுப்பது, மற்ற தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலைச் சேர்த்துவைக்கும் தாய்ப்பால் வங்கி.

காரணம் தாயின் அலட்சியம் இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடலில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சரசரவென்று குறையும். அதன் பிறகுதான் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோனால் பால் சுரப்பை முழுவீச்சில் நடத்த முடியும். நிறைமாதப் பிரசவத்திலேயே பால் நன்றாக இறங்க இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். குறைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக ரத்தப்போக்கு இவற்றில் ஏதாவது சேர்ந்தால் இன்னும் தாமதம். குழந்தையோ இன்குபேட்டரில் இருக்கிறது. வாய் வைத்து உறிஞ்ச ஆள் இல்லை. பால் வெளியே எடுக்கப்படாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் அதன் இயல்பு. இந்த நேரத்தில் கட்டிலைச் சுற்றி நின்று “உனக்குப் பாலே ஊறலையா?” என்று கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

சரி, பவுடர் பால் கொடுத்தால் என்ன? நிறைமாதக் குழந்தை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முதிராதது. அதன் சுவர் வீங்கி, ரத்த ஓட்டம் கெட்டு, திசு அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு, உயிரையே பறிக்கக்கூடியது. இதுவரை நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், தானமாக வந்த தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிடப் பவுடர் பால் குடித்த குறைமாதக் குழந்தைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருக்கிறது. எடை பவுடர் பாலில்தான் வேகமாக ஏறுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தாயின் பால் முதலில், அது இல்லையென்றால் தானப்பால், அதுவும் இல்லையென்றால்தான் பவுடர் பால் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை.

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. இந்தியாவில் முதல் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் உருவாக்கினார். இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் வங்கி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இருப்பதற்கு ‘அமுதம்’ என்று பெயர்.

தானம் கொடுப்பவர் தன் குழந்தைக்குப் போக மீதி உள்ள தாய். குழந்தையை இழந்த பிறகும், கட்டிக்கொண்ட பாலைக் கொடுக்க முன்வரும் தாய்மார்களும் உண்டு. அதை எழுதும்போதே கை தயங்குகிறது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே பாலை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பாலில் கொழுப்பு கூடுதலாக இருக்கும், இன்னொருவர் பாலில் குறைவாக இருக்கும் என்பதால் பலருடைய பாலை ஒன்றாகக் கலப்பதும் வழக்கம்.

அப்புறம் சூடாக்குதல். 62.5 டிகிரி செல்சியஸ், சரியாக 30 நிமிடம். கொதிக்கவிடுவதில்லை. இந்தச் சூட்டில் எச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ், காசநோய்க் கிருமி எல்லாம் செத்துவிடும். உடனே வேகமாகக் குளிரவைத்து, ஒரு துளியை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதிப்பார்கள். சில பாக்டீரியாக்களின் வித்துகள் இந்தச் சூட்டையும் தாங்கும் என்பதால்தான் இந்த இரண்டாவது காவல். வளர்ந்தால் அந்தப் பால் முழுவதும் வீண். தேறியது மைனஸ் 20 டிகிரியில் உறைந்து கிடக்கும்.

சூட்டுக்கு ஒரு விலை உண்டு. பாலில் இருக்கும் உயிருள்ள வெள்ளணுக்கள் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் நொதி செயலிழக்கும். கிருமிகளை எதிர்க்கும் லாக்டோபெரின் என்ற புரதம் பெருமளவு குறையும். மற்ற நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி மிஞ்சும். ஆனால் தாய்ப்பாலில் 200 வகைக்கும் மேல் இருக்கும் சிறப்புச் சர்க்கரைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குழந்தைக்கான உணவே அல்ல, அதன் குடலில் குடியேறும் பிபிடோபாக்டீரியா என்ற நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. தானப்பாலின் பெரும் பலம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சூட்டில் நல்ல நுண்ணுயிர்களும் செத்துவிடுகின்றனவே? இதற்கு ஆய்வாளர்கள் செய்து பார்த்த ஒன்று நம் வீட்டு அடுப்படியை நினைவூட்டுகிறது. காய்ச்சிய பாலில் உறைமோர் விடுவதுபோல, தானப்பாலில் பெற்ற தாயின் பாலைப் பத்தில் ஒரு பங்கு கலந்து சில மணி நேரம் வைத்தார்கள். அந்தத் தாயின் பாலில் இருந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஓரளவு திரும்பி வந்தது. இது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பால் வாங்குவது இதற்கு ஈடாகாது. அங்கே ரத்தப் பரிசோதனையும் கிடையாது, கிருமிச் சோதனையும் கிடையாது. காசுக்கு விற்பதும் தவறு. வியாபாரத்துக்காகத் தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தானப்பால் கைமாற்றுதான். பெற்றவளின் சுரப்பைக் கூட்டும் வேலை அதன் பக்கத்திலேயே நடக்க வேண்டும். இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது கையாலோ பம்பாலோ பால் எடுக்க வேண்டும், குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். முதலில் வரும் நாலு சொட்டுச் சீம்பாலையும் வீணாக்காமல் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். நாளாக ஆக அவள் புட்டியில் அளவு ஏறும், வங்கிப் புட்டி தேவைப்படாமல் போகும். தன் குழந்தையின் தேவைக்கு மேல் சுரக்கத் தொடங்கிய பிறகு, அவளே தன் பெயர் எழுதிய முதல் புட்டியை வங்கியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு.