ஃபெம்டோநொடிச் சீரொளி

கண் மருத்துவமனை விளம்பரங்களில் 'ஃபெம்டோ லேசர்' என்று பார்த்ததும், அது கருவி செய்த நிறுவனத்தின் பெயர் என நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஓர் எண். டேனிய, நார்வேஜிய மொழிகளில் 'ஃபெம்டென்' என்றால் பதினைந்து. தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்தாம் இடத்தைக் குறிக்க, 1964இல் இதை அலகுகளின் முன்னொட்டாக ஏற்றார்கள். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஃபெம்டோநொடி. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த நேரத்துக்குள் ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது.

இவ்வளவு அவசரம் எதற்கு? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கண்ணின் முன்புறத் தெளிவான உறையான கருவிழிப்படலத்தைத் (கார்னியா) தொந்தரவு செய்யாமல் ஊடுருவுகிறது. குவியும் புள்ளியில் மட்டும் திசு பிளாஸ்மாவாகி (மின்னூட்டம் பெற்ற வளிமமாகி), சிறு குமிழி தோன்றுகிறது. ஒளித் துடிப்பு ஃபெம்டோநொடிக் கணக்கில் முடிந்துவிடுவதால் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவ நேரமில்லை. குமிழிகளை நெருக்கமாக அடுக்கினால் படலம் ஏடு போலப் பிரியும். பார்வைக் குறையைத் திருத்தும் லாசிக் சிகிச்சையில் முன்பு உலோகத் தகடு வெட்டிய மடலை (மூடிபோலத் திறக்கும் மெல்லிய ஏட்டை) இப்போது இந்த ஒளி இம்மியும் பிசகாமல் வெட்டுகிறது. 'கத்தியில்லாச் சிகிச்சை' என்கிறார்கள். இங்கே ஒளிதான் கத்தி. மடலைத் திறந்தபின் பார்வைக் குறையைத் திருத்துவது எக்சைமர் என்னும் வேறொரு புறஊதா லேசர்.

இது கண்ணுக்கு வந்த கதை விபத்தில் தொடங்கியது. 1990களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜெரார் மூரூவின் ஆய்வகத்தில், மாணவர் ஒருவரின் கண்ணில் தவறுதலாக இந்த ஒளி பட்டது. விழித்திரையில் பட்ட காயம் சுற்றிலும் சிதைவின்றிக் கச்சிதமாக இருந்ததைக் கண்டு வியந்தவர் மருத்துவர் ரான் கர்ட்ஸ். இத்தகைய துடிப்புகளைச் செறிவூட்டும் முறையைக் கண்டறிந்ததற்காக மூரூவும் அவருடைய மாணவியாக இருந்த டோனா ஸ்ட்ரிக்லாண்டும் 2018இன் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

தமிழில் எப்படி எழுதுவது? 'லேசர்' என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. அலைகள் ஒரே சீராகச் செல்லும் ஒளி என்பதால் 'சீரொளி' என்ற ஆக்கம் மிகப் பொருத்தம். சிலர் எழுதும் 'நுண்நொடி லேசர்' பிழை. நுண் என்பது மைக்ரோவுக்கு வழங்கும் சொல். மைக்ரோநொடி இதைவிட நூறு கோடி மடங்கு நீளம். மில்லி, மைக்ரோ போல ஃபெம்டோவும் உலகப் பொது முன்னொட்டாதலால் அப்படியே இருக்கட்டும். ஆகவே, 'ஃபெம்டோநொடிச் சீரொளி'. 'மீக்குறு துடிப்புச் சீரொளி' இதற்கு மாற்றுச் சொல் அல்ல, இனப்பெயர். பிக்கோநொடிச் (ஆயிரம் ஃபெம்டோநொடி) சீரொளியும் அதில் அடங்கும்.