தூக்க முடியாதவர் செவிலியராக முடியாதா?

செவிலியர் வேலைக்கான தகுதிகளில் ‘நோயாளியைத் தூக்கும் உடல் வலு’ என்று ஒரு வரி இருக்கும். பல வருடங்களாக வார்டு பொறுப்பில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், அந்த வரி எல்லாருக்குமே ஆபத்தானது. சாதகமான நிலையில்கூட, நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2007-லேயே பரிந்துரைத்துவிட்டார். கனத்த நோயாளியின் ஒரு கால் மட்டுமே அந்த அளவுக்கு வந்துவிடும்! தூக்கும் கருவி உள்ள வார்டில் முதுகுப் பிரச்சினை உள்ளவரும் வேலை பார்க்கலாம். அது இல்லாத வார்டில் நல்ல முதுகும் கெட்டுப்போகும்.

செவித்திறன் குறைந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரி செவிலியர் படிப்பில் இடம் மறுத்தது. அவர் ஏற்கெனவே உரிமம் பெற்ற துணைச் செவிலியர். 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கல்லூரியின் பக்கமே நின்றது. முகக்கவசம் போட்டவர்களின் உதட்டசைவை அவரால் படிக்க முடியாது என்பது அன்று பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. இன்று வாய் தெரியும் முகக்கவசம் இருக்கிறது, ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. மனசுதான் இன்னும் அங்கேயே நிற்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டருக்குக் காது சரியாகக் கேட்காது. வாய்மொழியாக வரும் மருந்து ஆணையை எழுதி, சொன்னவரிடமே காட்டி உறுதி செய்த பிறகுதான் மருந்தைத் தொடுவார். நன்றாகக் கேட்கும் நாங்கள் எல்லாரும் செய்ய வேண்டியதும் அதுதானே.

எல்லா இடமும் எல்லாருக்கும் பொருந்தாது, சரி. நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முடியாதவரைத் தனியாக இரவு டியூட்டியில் விடமாட்டேன். அதற்காக, அவரைக் கேட்காமலேயே மேசை வேலைக்குத் தள்ளுவதும் தப்பு. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கை.

எனக்குப் பெரிய கவலை, மறைப்பவர்களைப் பற்றித்தான். வலிப்பு, சர்க்கரை, மனச்சோர்வு என்று வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, தாழ்சர்க்கரையில் கை நடுங்க ஊசி போடும் நிலை வந்தால் அது நோயாளிக்கும் ஆபத்து. சேரும் நாளிலேயே தனியாக உட்கார வைத்து, “உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?” என்று கேளுங்கள். சொன்னதை ரகசியமாக வையுங்கள். அப்புறம் ஷிப்ட் பட்டியல் போடுங்கள்.