ஸ்போர்ட்டி செடானில் சி.வி.டி. கியர்பாக்ஸ்: காது கேட்பதும் சக்கரம் பெறுவதும்

புதிய செடான் ஒன்று விற்பனைக்கு வரும்போதெல்லாம், வடசென்னையில் கார் வாங்க நினைப்பவர்களிடையே அதன் கியர்பாக்ஸைப் பற்றிய விவாதம் தவறாமல் எழுகிறது. ஜி.என்.டி. சாலையில் மாதவரத்திலிருந்து செங்குன்றம் வரை காரை ஓட்டிப் பார்த்தவர்களில் ஒரு சாரார், "எஞ்சின் கத்துது, வண்டி போகமாட்டேங்குது" என்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஊர்ந்து செல்லும் இன்னொரு சாரார், இவ்வளவு மென்மையாக நகரும் வண்டியை இதற்கு முன் ஓட்டியதே இல்லை என்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது சி.வி.டி. என்ற ஒரே பொறியமைப்பைப் பற்றித்தான். அது உள்ளே என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் புகாரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கத்தின் விளைவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

சாதாரண கியர்பாக்ஸில் ஐந்து, ஆறு அல்லது ஏழு பற்சக்கர இணைகள் உள்ளன. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்ற விகிதத்தை ஒவ்வோர் இணையும் நிலையாக வைத்திருக்கிறது. இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையில் வேறு விகிதம் கிடையாது. தொடர்மாறு கியர்பாக்ஸ் என்று சொல்லத்தக்க சி.வி.டி.யில் இந்தப் படிகளே இல்லை. அதில் இரண்டு புல்லிகள் உள்ளன. ஒவ்வொரு புல்லியும் கூம்பு வடிவில் சரிந்த முகம் கொண்ட இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கினால் இடையிலுள்ள பெல்ட் வெளிப்புறமாக ஏறிப் பெரிய வட்டத்தில் சுழலும். விலகினால் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் சுழலும். பெல்ட்டின் நீளம் மாறாததால், எஞ்சின் பக்கத்துப் புல்லி விரியும்போது சக்கரத்தின் பக்கத்துப் புல்லி நெருங்கியாக வேண்டும். இவ்வாறு மிகக் குறைந்த விகிதத்துக்கும் மிக அதிகமான விகிதத்துக்கும் இடையே, சுமார் ஆறு மடங்கு அகலமுள்ள பரப்பில், எந்தப் புள்ளியையும் தேர்ந்தெடுக்க முடிகிறது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்ததிலிருந்து இந்தியாவின் கியரில்லா ஸ்கூட்டர்கள் இதே தத்துவத்தில்தான் ஓடிவருகின்றன. ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து மெக்கானிக் ரோலர்களையும் ரப்பர் பெல்ட்டையும் மாற்றுவதை வண்ணாரப்பேட்டையின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எஞ்சின் வேகமெடுக்க எடுக்க அந்த ரோலர்கள் மையவிலக்கு விசையால் வெளியே நகர்ந்து புல்லியின் தட்டைத் தள்ளுகின்றன; பின்புறத்திலுள்ள ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்கிறது. காரில் ரோலரின் வேலையை எண்ணெய் அழுத்தமும், எவ்வளவு அழுத்துவது என்ற முடிவைக் கணினியும் எடுத்துக்கொண்டுள்ளன. காரிலும் ரப்பர் பெல்ட்டையே வைத்துத் தொடங்கியவர் ஹூப் வான் டோர்ன் என்னும் நெதர்லாந்துக்காரர். அவரது டாஃப் நிறுவனம் 1958இல் காட்சிக்கு வைத்த டாஃப் 600 காரில் இந்த வகைக் கியர்பாக்ஸ் இருந்தது. எனினும் தண்டைத் திருகும் விசையான முறுக்குவிசையை ரப்பரால் அதிகம் தாங்க முடியாததால், நீண்ட காலம் இது சிறிய கார்களோடு நின்றுவிட்டது.

அந்தத் தடையை உடைத்தது எஃகுப் பட்டை. வான் டோர்னின் பெயரிலேயே இயங்கிய நிறுவனம் உருவாக்கிய இந்தப் பட்டை, 1980களின் பிற்பகுதியில் சுபாரு ஜஸ்டி, ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபியட் உனோ போன்ற கார்களில் இடம்பெற்றது. மெல்லிய எஃகு வளையங்கள் பல அடுக்காக அமைந்த இரண்டு கட்டுகளின் மேல், நூற்றுக்கணக்கான சிறு எஃகுத் தகடுகளை நெருக்கமாகக் கோத்தது போன்றது அது. பெல்ட் என்றாலே இழுப்பது என்று நினைக்கிறோம். இந்தப் பட்டை தள்ளுகிறது. எஞ்சின் புல்லியிலிருந்து வெளியேறும் தகடு முன்னால் உள்ள தகட்டைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, விசை மறுபக்கத்துப் புல்லியைச் சென்றடைகிறது. தண்டையார்பேட்டை யார்டில் சரக்குப் பெட்டிகளின் வரிசையை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது, பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வளையங்களின் பணி, தகடுகளின் வரிசை கலையாமல் பிடித்துவைப்பது. ஆடியும் சுபாருவும் வேறு வழியில் சென்று, இழுக்கும் எஃகுச் சங்கிலியைப் பயன்படுத்தின.

தகட்டுக்கும் புல்லிக்கும் இடையே பற்கள் எதுவும் இல்லை; உராய்வு ஒன்றுதான் பிணைப்பு, அதுவும் எண்ணெயில் நனைந்த எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வு. அதன் கெழு 0.1க்கும் சற்றுக் குறைவு. எனவே வழுக்காமல் இருக்கப் புல்லியின் தட்டுகள் பட்டையை மிகக் கடுமையாக நெருக்க வேண்டும். 145 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, 30 மில்லிமீட்டர் ஆரத்தில் சுழலும் பட்டை வழுக்காமல் கடத்துவதாகக் கொள்வோம். தட்டின் சரிவு 11 பாகை, உராய்வுக் கெழு 0.09 என்று வைத்துக் கணக்கிட்டால், தேவைப்படும் நெருக்குவிசை ஏறத்தாழ 26,000 நியூட்டன், அதாவது இரண்டரை டன்னுக்கும் மேல். உள்ளங்கை அகலப் புல்லி ஒன்று இதை வண்டி ஓடும் நேரமெல்லாம் தாங்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் எண்ணெய் பம்ப் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால்தான், பற்சக்கரங்களின் செயல்திறனை இந்தக் கியர்பாக்ஸ் எட்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பட்டை மிகச் சிறிய வட்டத்தில் சுழல்வதால் இந்த இழப்பு கூடுகிறது. 2018இல் டொயோட்டா அறிமுகப்படுத்திய சி.வி.டி.யில், கிளம்புவதற்கென்று தனியாக ஒரு பற்சக்கர இணையைச் சேர்த்ததன் காரணம் இதுவே.

இனி அந்தப் புகாருக்கு வருவோம். 2020இல் வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,600 சுற்றில் 121 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) திறனையும், 4,300 சுற்றில் 145 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கணத்தை எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள இழப்புகளை ஒதுக்கிவிடுவோம். வழக்கமான கியர் ஒன்றில் எஞ்சின் அந்நேரம் 4,300 சுற்றில் இருந்தால், அது தரும் திறன் சுமார் 65 கிலோவாட். சக்கரம் சாலையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 3,900 நியூட்டன். சி.வி.டி. அதே வேகத்தில் எஞ்சினை 6,600 சுற்றுக்கு ஏற்றிவிட்டால், 89 கிலோவாட்டும் சுமார் 5,300 நியூட்டனும் கிடைக்கும். ஆகவே எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே இருப்பது கோளாறு அன்று. அதன் முழுத் திறனும் இடைவிடாமல் சக்கரத்துக்குச் செல்கிறது என்பதற்கான அடையாளம் அது. படிநிலைக் கியரில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சுற்று விழுந்து மீண்டும் ஏற வேண்டியிருப்பதால், உச்சத்தில் நிற்கும் நேரம் சிறு பகுதியே.

பந்தய உலகம் இதை நன்றாக அறிந்திருந்தது. 1993இல் வில்லியம்ஸ் அணி தனது ஃபார்முலா ஒன் காரில் சி.வி.டி.யைப் பொருத்தி, டேவிட் கூல்ட்ஹார்டை ஓட்டவைத்துச் சோதித்தது. போட்டியில் அது இறங்குமுன்பே, 1994ஆம் ஆண்டுக்கான விதிகள் நிலையான கியர்களைக் கட்டாயமாக்கி அதற்குக் கதவடைத்துவிட்டன.

அப்படியானால் மக்களின் காது ஏன் வேறு விதமாகச் சொல்கிறது? வடசென்னையின் காது கியர்களோடு வளர்ந்த காது. எண்ணூரில் அசோக் லேலண்டின் ஆலையும், திருவொற்றியூரில் 1950கள் முதல் என்ஃபீல்டின் ஆலையும் தலைமுறைகளுக்கு வேலை கொடுத்திருக்கின்றன; சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைக் காணக் குடும்பத்தோடு போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒலி ஏற ஏற வேகம் ஏறும், கியர் மாறியதும் ஒலி தாழ்ந்து மறுபடி ஏறும் என்பதே இவர்களுக்கு வண்டி பாய்வதன் இலக்கணம். சி.வி.டி.யில் ஒலி முதலில் உச்சிக்குப் போய் நின்றுவிடுகிறது, வேகம் பின்னால் ஏறி வருகிறது. அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இது தேய்ந்த கிளட்ச் வழுக்கும்போது உண்டாகும் உணர்வாகவே இருக்கும், ஏனென்றால் அந்தக் கோளாற்றின் அறிகுறியும் இதுதான்: சுற்று ஏறும், வண்டி ஏறாது.

எனினும் இந்தப் புகாரை முழுவதும் காதின் மீது போட்டுவிடுவது நியாயமாகாது. நிதானமாகச் செல்லும்போது எஞ்சின் 1,500 சுற்றில் இருக்கிறது. முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் அது 6,000 சுற்றைத் தாண்ட வேண்டும். கிராங்க் தண்டும் அதோடு சுழலும் பாகங்களும் வேகமெடுக்கத் தேவையான ஆற்றலை எஞ்சினே கொடுக்கிறது. அந்தச் சிறு இடைவேளையில் சக்கரத்துக்குப் போக வேண்டிய விசை எஞ்சினைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. கணினி விகிதத்தை மிக விரைவாக மாற்றினால், சக்கரத்தின் தள்ளுவிசை ஒரு கணம் குறையவும் கூடும். ரப்பரை இழுத்து விட்டதுபோல் இருக்கிறது என்று பலரும் சொல்வது இந்தத் தாமதத்தைத்தான். இந்தக் குறை மெய்யானது. டர்போ எஞ்சினில் இது குறைவாகத் தெரிகிறது. குறைந்த சுற்றிலேயே முறுக்குவிசை கிடைப்பதால் எஞ்சின் அவ்வளவு உயரம் தாவ வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் ஹூண்டாய் எடுத்த முடிவு கவனத்துக்குரியது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் வெர்னாவின் 2023ஆம் ஆண்டு வடிவத்தில், 115 பி.எஸ். தரும் சாதாரண எஞ்சினுக்குச் சி.வி.டி. வகைக் கியர்பாக்ஸும், 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர் தரும் டர்போ எஞ்சினுக்கு இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் அமைப்பும் கொடுத்தார்கள். பட்டை இவ்வளவு முறுக்குவிசையைத் தாங்காது என்பதே காரணம் என்று சிலர் கருதுவது சரியன்று. 300 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் எஞ்சினோடு அமெரிக்காவில் விற்ற நிசான் மாக்ஸிமா செடான் சி.வி.டி.யில்தான் ஓடியது. ஸ்போர்ட்டி என்று சொல்லி விற்கும் காரில், அழுத்திய உடனே பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முன்னிற்கிறது என்பதே என் கணிப்பு.

மென்பொருள் மூலம் போலியான ஏழு படிகளை உண்டாக்கும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முழு வேகமெடுப்பின்போது கணினி வேண்டுமென்றே விகிதத்தைப் படிகளாகத் தாவவைத்து, சுற்றை விழவைத்து ஏற்றுகிறது. காதுக்கு இனிமை கிடைக்கிறது, சக்கரமோ உச்சத் திறனை இழந்து இழந்து பெறுகிறது. இந்தக் கியர்பாக்ஸின் தனிச்சிறப்பு எதுவோ அதையே விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்குக்காக ஸ்டீயரிங் பின்னாலுள்ள பேடில்கள் என்னும் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்களைத் தட்டுவது வேறு விஷயம்; அங்கே படிகளால் உண்மையான பயன் உண்டு.

வாங்க நினைப்பவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது, மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 வரை ஏற எடுக்கும் நேரத்தை அருகில் அமர்ந்தவரைக் கொண்டு அளந்துகொண்டால், ஒலியால் ஏமாற மாட்டார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும் பேசின் பாலத்திலும் நின்று நின்று செல்பவர்களுக்கு இந்தக் கியர்பாக்ஸே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூலக்கடை மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றால், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே பிடித்துவைக்காமல் பிரேக்கை அழுத்துவது அவசியம். இல்லையேல் அத்தனை ஆற்றலும், எஞ்சினின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் வெப்பமாக மாறி எண்ணெயைச் சூடாக்கும். அந்த எண்ணெயின் உராய்வுத் தன்மையில்தான் பட்டையின் பிடி இருக்கிறது என்பதால், நிறுவனம் குறிப்பிட்ட சி.வி.டி. எண்ணெய்க்குப் பதிலாக வேறு எதையும் ஊற்றக் கூடாது.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கும் நீர் இன்னொரு ஆபத்து. சூடான கியர்பாக்ஸ் திடீரெனக் குளிரும்போது, காற்றுத் துளை நீரில் மூழ்கியிருந்தால் நீர் உள்ளே உறிஞ்சப்படலாம். எண்ணெயில் நீர் கலந்தால் பட்டை வழுக்கிப் புல்லியின் முகத்தில் கீறல் விழும். நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதும் தவறு. எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் பம்ப்பும் ஓடாது. சக்கரங்களோ உள்ளே உள்ள பாகங்களை உயவின்றிச் சுழற்றும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லாரியில் ஏற்றியோதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட் வடிவத்திலும் இ-சி.வி.டி. என்ற பெயர் காணப்படுகிறது. அதில் புல்லியும் இல்லை, பட்டையும் இல்லை. மின்மோட்டார்களே அந்த வேலையைச் செய்கின்றன. இங்கே சொன்ன நெருக்குவிசைக் கணக்கும், பட்டை வழுக்கும் அச்சமும் அதற்குப் பொருந்தா.